டிசபிலிட்டி வக்கீல், வி.ஏ. பிரதிநிதி: யாரிடம் கையெழுத்துப் போடலாம்?

அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி டிசபிலிட்டி (இயலாமை உதவித்தொகை) கேட்பவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கான வி.ஏ. (படைவீரர் நலத்துறை) இழப்பீடு கேட்பவர்களுக்கும் வழக்கு நடத்தித் தரும் சேவைகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றிய விமர்சனம் இது. விலையை ஒப்பிட்டு நல்லதைப் பொறுக்கி எடுக்க இங்கே வழியில்லை. கட்டணத்துக்குச் சட்டமே வரம்பு கட்டியிருப்பதால், நல்ல வக்கீலும் சுமாரான வக்கீலும் ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் வாங்குவார்கள். வித்தியாசமெல்லாம் விசாரணைக்கு முன்பு உங்கள் கோப்பில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதில்தான். ஆகவே மதிப்பிட வேண்டியதும் அதைத்தான்.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். சோஷியல் செக்யூரிட்டி வழக்கில் ஜெயித்தால் மட்டுமே கட்டணம். வழக்கமான ஒப்பந்தத்தின்படி, ஜெயித்ததும் முன்தேதியிலிருந்து சேர்த்துத் தரும் நிலுவைத் தொகையில் 25 சதவீதம் அல்லது 9,200 டாலர், எது குறைவோ அது. இந்த உச்சவரம்பு 2024 நவம்பர் 30-ல் வந்தது. அதற்கு முன்பு 7,200. நிலுவை 20,000 டாலர் என்றால் வக்கீலுக்கு 5,000. நிலுவை 48,000 ஆனாலும் 12,000 கேட்க முடியாது, 9,200-தான். அதை அரசே நிலுவையிலிருந்து பிடித்து நேராக அவருக்கு அனுப்பிவிடும். அப்படி அனுப்ப அரசு எடுத்துக்கொள்ளும் சேவைக் கட்டணம் வக்கீலின் பங்கிலிருந்துதான் போக வேண்டும், உங்கள் தலையில் கட்டக் கூடாது. இனி மாதாமாதம் வரப்போகும் தொகையில் அவருக்குப் பங்கு இல்லை.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, செலவுக் கணக்கு. மருத்துவப் பதிவுகளை வாங்க ஆஸ்பத்திரிகள் கேட்கும் பணம், நகல், தபால் ஆகியவை கட்டணத்தில் அடங்காது. தோற்றாலும் அவற்றைக் கொடுக்க வேண்டுமா என்று எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு அடுக்குக் கட்டணம். பல ஒப்பந்தங்களில் அந்த 9,200 வரம்பு விசாரணை நீதிபதி வரைக்கும்தான் என்றிருக்கும். வழக்கு அதற்கு மேலே அப்பீல்ஸ் கவுன்சில் என்ற மேல்முறையீட்டுக் குழுவுக்கோ ஃபெடரல் நீதிமன்றத்துக்கோ போனால் அந்த 9,200 வரம்பு இல்லாமல் தனியாக மனுப் போட்டுக் கேட்பேன் என்ற வரி கீழே இருக்கும். அது சட்டப்படி சரியானதுதான், மோசடி இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய விளம்பர நிறுவனங்கள்

டிவியிலும் நெடுஞ்சாலைப் பலகையிலும் முகம் காட்டும் நிறுவனங்களிடம் ஒரு பலம் உண்டு: கெடு தவறாது. மறுப்புக் கடிதம் வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும்; தபாலுக்கென்று இன்னும் ஐந்து நாள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். இந்த ஒரு வேலையைத் தனியாகச் செய்து கோட்டை விடுபவர்கள் ஏராளம். கெடு போனபின் புதிதாக விண்ணப்பித்தால் பழைய விண்ணப்பத் தேதியும், அதனோடு சேர்ந்த நிலுவையும் கைவிட்டுப் போகக்கூடும். அதைவிட மோசம், வேலை செய்து சேர்த்த காப்பீட்டுக் காலமே முடிந்துபோகலாம். தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, வேலையை விட்டதிலிருந்து சுமார் ஐந்து ஆண்டுதான் அந்தக் காப்பீடு உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு இயலாமை தொடங்கியது என்று நிரூபித்துப் பயனில்லை.

இவர்களின் பலவீனம் கோப்புக்குள் இருக்கிறது. முதல் தொலைபேசி அழைப்பிலிருந்து படிவங்கள் வரை அலுவலக ஊழியர்களே பார்ப்பார்கள். வக்கீலை விசாரணைக்குச் சற்று முன்புதான் முதல் முறையாகச் சந்திப்பீர்கள், அதுவும் தொலைபேசியில். அதற்குள் கோப்பில் தவறு உறைந்துபோயிருக்கும்.

எப்படி உறைகிறது என்று ஒரே ஒரு படிவத்தை எடுத்துக் காட்டலாம். எஸ்எஸ்ஏ-3369 வேலை வரலாறு கேட்கும் படிவம். 2024 ஜூன் 22 முதல் கடந்த ஐந்தாண்டு வேலைகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள்; முன்பு பதினைந்து ஆண்டு. மளிகைக் கடை நடத்த உதவிய ஒருவர் அதில் 'மேனேஜர்' என்று மட்டும் எழுதினால், வேலை வகைப் பட்டியலில் அது 20 பவுண்டுக்கு மேல் தூக்கத் தேவையில்லாத இலகுவான வேலையாகவே கருதப்படும். உண்மையில் அவர் நாளெல்லாம் 40 பவுண்டு அரிசி மூட்டையை லாரியிலிருந்து இறக்கி அடுக்கியவர். அதை எழுதாததால், 'நீங்கள் பழைய வேலைக்கே திரும்பலாம்' என்று மறுத்துவிடுவார்கள். மணிக்கணக்கு, பவுண்டுக் கணக்கு, எத்தனை பேரை மேற்பார்த்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்று தோண்டிக் கேட்டு நிரப்புகிறவர் நல்ல பிரதிநிதி. 'நீங்களே நிரப்பி அனுப்புங்கள், நாங்கள் தாக்கல் செய்கிறோம்' என்பவர் வெறும் தபால்காரர் வேலைதான் பார்க்கிறார்.

வயது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வயது, படிப்பு, பழைய வேலையை வைத்து முடிவு சொல்லும் ஓர் அட்டவணை உண்டு; 50, 55 என்ற இரண்டு வயதுகளிலும் அதில் விதி மாறுகிறது. 50 வயதுக்கு மேல், உட்கார்ந்து பார்க்கும் வேலை மட்டுமே முடியும், பழைய வேலைக்குத் திரும்ப முடியாது, வேறு வேலைக்கு எடுத்துப்போகும் திறனும் இல்லை என்றால் பெரும்பாலும் ஜெயித்துவிடலாம். 55-க்கு மேல் இலகுவான வேலை முடிந்தால்கூட அதே பலன் கிடைக்கலாம். பழைய வேலையின் எடைக்கணக்கைத் தவறாக எழுதினால் இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஆங்கிலம் பேச வராதது முன்பு இந்த அட்டவணையில் சாதகமாக எண்ணப்பட்டது. 2020 ஏப்ரல் 27-க்குப் பிறகு அப்படி இல்லை. இதை இன்னமும் சாதகம் என்று சொல்லி நம்பிக்கை கொடுக்கும் பிரதிநிதிக்கு விதியே தெரியவில்லை என்று அர்த்தம்.

தனி வக்கீல், சிறிய அலுவலகம்

என் தீர்ப்பில் விசாரணைக் கட்டத்துக்கு வந்த வழக்குக்கு இவர்களே மேல், ஒரு நிபந்தனையோடு: டிசபிலிட்டியே அவர்களின் முழுநேர வேலையாக இருக்க வேண்டும். விவாகரத்து, வீட்டுப் பத்திரம், கூடவே டிசபிலிட்டி என்று எல்லாம் பார்க்கும் வக்கீல் வேண்டாம். வக்கீலாக இல்லாத பிரதிநிதிகளும் உண்டு. அரசுத் தேர்வு எழுதி, பின்னணிச் சோதனை முடித்து, தொழில் பொறுப்புக் காப்பீடும் வைத்திருப்பவர்கள் வக்கீலைப் போலவே நேரடியாகக் கட்டணம் பெறலாம். அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மட்டும் அவர்களால் உங்களோடு வர முடியாது.

நல்ல அலுவலகம் செய்யும் முதல் காரியம் டாக்டரிடமிருந்து சரியான கடிதம் வாங்குவது. 'என் நோயாளியால் வேலை செய்ய இயலாது' என்ற வரிக்கு மதிப்பே இல்லை. அந்த முடிவு அரசுக்கு உரியது, டாக்டருக்கு உரியதல்ல. 2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களில் 'சிகிச்சை தரும் சொந்த டாக்டர்' என்பதற்காகத் தனி எடையும் கிடையாது. டாக்டரின் கருத்துக்கு அவருடைய பரிசோதனைக் குறிப்புகளில் ஆதாரம் இருக்கிறதா, மற்ற பதிவுகளோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டையுமே முக்கியமாகப் பார்க்கிறார்கள். ஆகவே கடிதத்தில் இருக்க வேண்டியவை: ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் உட்கார முடியும், எட்டு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை மணி நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், கையை எவ்வளவு பயன்படுத்தலாம், இடையில் எத்தனை முறை படுக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாமல் போகும், இதற்கெல்லாம் எந்த ஸ்கேன், எந்தப் பரிசோதனை ஆதாரம்.

இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். டாக்டர் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் வலியோடு உட்கார்ந்துகொண்டே 'பரவாயில்லை டாக்டர்' என்பது நம் பழக்கம். மரியாதைக்குச் சொன்ன அந்த வார்த்தை பதிவேட்டில் 'நோயாளி நலமாக உள்ளார்' என்று ஏறிவிடும். விசாரணையில் நீதிபதி வாசிப்பது அந்த வரியைத்தான். பழைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இனி டாக்டரிடம் என்ன அளவோடு சொல்ல வேண்டும் என்று எடுத்துச் சொல்லும் பிரதிநிதி தங்கம். மிகைப்படுத்தச் சொல்லித்தருபவரிடமிருந்து விலகிவிடுங்கள். பொய் கோப்புக்குள் வந்தால் உண்மையான வலியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

தமிழ் மட்டும் பேசுகிற அம்மா அப்பாவுக்காக வழக்குப் போடுபவர்கள் கவனத்துக்கு: மொழிபெயர்ப்பாளரை சோஷியல் செக்யூரிட்டி இலவசமாகத் தரும். அதற்குத் தனியாகப் பணம் கேட்கும் அலுவலகம் வேண்டாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இல்லை. இந்தியாவில் முப்பது வருடம் வேலை பார்த்திருந்தாலும் இங்கே உதவித்தொகைக்குத் தகுதி தரும் வேலைக் கணக்கில் அது ஒரு கிரெடிட்டுக்கும் ஆகாது. முதல் சந்திப்பிலேயே இங்கே எத்தனை ஆண்டு வரி கட்டினீர்கள் என்று கேட்காமல் 'நிச்சயம் வாங்கித் தருகிறோம்' என்பவரை நம்ப வேண்டாம்.

விசாரணை நாள்

விசாரணைத் தேதியைக் குறைந்தது 75 நாள் முன்பே சொல்வார்கள். ஆதாரங்களை விசாரணைக்கு ஐந்து வேலை நாள் முன்பே தாக்கல் செய்ய வேண்டும். கைக்கு வராதவை இன்னின்ன என்றாவது எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் முக்கியமான பதிவை நீதிபதி ஏற்காமலே போகலாம்.

வக்கீலின் திறமை பளிச்சென்று தெரிவது, என்னென்ன வேலை இருக்கிறது என்று சாட்சி சொல்ல வரும் தொழில் நிபுணர் பேசும் பத்து நிமிடத்தில். நீதிபதி கேட்பார்: 'இவர் வயது, இவர் படிப்பு உள்ள ஒருவர், 10 பவுண்டு மட்டும் தூக்கி, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்க்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். வேலை இருக்கிறதா?' நிபுணர் இரண்டு மூன்று வேலைகளின் பெயரும், நாட்டில் அவற்றின் எண்ணிக்கையும் சொல்வார். பேசாமல் விட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. தயாராக வந்த வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார்: 'அதே நபர் வேலை நேரத்தில் 20 சதவீதம் கவனம் சிதறிப் போனால்? மாதம் மூன்று நாள் வர முடியாவிட்டால்? இரண்டு கையாலும் எப்போதாவது மட்டுமே பொருளைப் பிடிக்க முடிந்தால்?' 'அப்படியானால் வேலை இல்லை' என்ற பதில் பதிவாகும். ஆனால் அந்த 20 சதவீதமும் மூன்று நாளும் டாக்டர் கடிதத்தில் ஏற்கெனவே இருந்தால்தான் அந்தப் பதிலுக்குப் பலம். விசாரணையில் ஜெயிப்பது பெரும்பாலும் மாதக்கணக்கில் முன்பே நடந்த கோப்பு வேலையால்தான் என்று சொல்வது இதனால்தான்.

வி.ஏ. பக்கம்

முன்னாள் படைவீரர் வழக்கில் விதிகள் வேறு, ஏமாற்று வேலைகளும் வேறு. முதல் முறை விண்ணப்பிக்க யாரும் கட்டணம் வாங்கக் கூடாது. வி.ஏ. முதல் முடிவைச் சொன்ன பிறகுதான், அங்கீகாரம் பெற்ற வக்கீலோ, வக்கீல் அல்லாத கிளெய்ம்ஸ் ஏஜெண்டோ கட்டணம் வாங்கலாம். நிலுவையில் 20 சதவீதம் வரை நியாயமானது என்று விதி எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நியாயமற்றது என்று எடுத்துக்கொள்கிறது. வி.ஏ. நேரடியாகப் பிடித்துக் கொடுப்பது 20 சதவீதத்துக்குள் ஒப்பந்தம் இருந்தால் மட்டும்.

முதல் விண்ணப்பத்துக்கு டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற படைவீரர் சங்கங்களின் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகளும், பல கவுண்டிகளில் இருக்கும் படைவீரர் சேவை அதிகாரிகளும் போதும். ஒரு காசு வாங்க மாட்டார்கள். போனதும் முதல் வேலையாக 21-0966 என்ற 'விண்ணப்பிக்கும் எண்ணம்' படிவத்தைப் போடுகிறாரா என்று பாருங்கள். அன்றைய தேதியை ஓராண்டு வரை அது பிடித்து வைக்கும். பதிவுகளைச் சேகரித்து 21-526ஈ.இசட். விண்ணப்பத்தைப் பத்து மாதம் கழித்துப் போட்டாலும் பணம் பழைய தேதியிலிருந்தே கணக்காகும். இதைச் செய்யாத பிரதிநிதியால் மாதக்கணக்கில் பணம் போகும். இவர்களின் குறை, ஒருவர் கையில் கோப்புகள் குவிந்திருப்பது. டாக்டரைத் தேடிப் பிடித்து, நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் 'தொடர்புக் கடிதம்' வாங்கித் தர அவர்களுக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது.

வி.ஏ. மறுப்புகளில் அடிக்கடி முறிவது அந்தக் கண்ணிதான். இப்போது இருக்கும் நோய், பணிக்காலத்தில் நடந்த சம்பவம், இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து என மூன்றும் வேண்டும். கடிதத்தில் 'தொடர்பு இருக்கலாம்' என்று எழுதினால் ஊகம் என்று தள்ளிவிடுவார்கள். 'பணியால் வந்திருக்க 50 சதவீதமாவது வாய்ப்பு உண்டு' என்ற அளவுகோலில் எழுதி, பணிக்கால மருத்துவப் பதிவுகளைப் படித்ததாகச் சொல்லி, காரணத்தையும் விளக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 10-ல் கையெழுத்தான பேக்ட் சட்டம் எரிகுழிப் புகை (முகாம்களில் குப்பை எரித்த குழிகளின் புகை) போன்றவற்றால் வரும் பல நோய்களுக்கு இந்த இணைப்பை அரசே ஏற்றுக்கொள்ளச் செய்தது. உங்கள் நோய் அந்தப் பட்டியலில் இருந்தும் தனியார் டாக்டர் கடிதத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்பவர் உங்களுக்காக வேலை பார்க்கவில்லை.

மறுப்பு வந்தபின் வக்கீலுக்கு மாறுவது நியாயம். 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள்: புதிய ஆதாரத்தோடு 20-0995 படிவம், புதிய ஆதாரம் எதுவுமின்றி மூத்த அதிகாரி மறுபார்வைக்கு 20-0996, படைவீரர் மேல்முறையீட்டு போர்டுக்கு 10182. பழைய தேதியைக் காப்பாற்ற ஓராண்டுக்குள் போட வேண்டும். தேர்வு தவறினால் மாதங்கள் வீண்: தொடர்புக் கடிதமே இல்லாத கோப்பை மறுபார்வைக்கு அனுப்பினால் அதே பதில்தான் வரும், ஏனென்றால் அங்கே புதிய காகிதம் எதையும் வைக்க முடியாது. 'ஏன் இந்த வழி?' என்று கேட்டால் உங்கள் கோப்பைக் காட்டிக் காரணம் சொல்ல வேண்டும். போர்டும் மறுத்தால் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 120 நாள்.

வி.ஏ. ஒவ்வொரு நோய்க்கும் போடும் இயலாமைச் சதவீதக் கணக்கிலும் பிரதிநிதியின் கண் வேண்டும். 50-ம் 30-ம் சேர்ந்தால் 80 ஆகாது. முதல் 50 போக மீதி 50-ல் 30 சதவீதம் 15. மொத்தம் 65, பத்தின் மடங்காக்கும்போது அது 70 ஆகும். 2025 விகிதப்படி 10 சதவீதத்துக்கு மாதம் 175.51 டாலர், குடும்பமில்லாதவருக்கு 100 சதவீதத்தில் 3,831.30. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் கடினம். ஆகவே 70-ல் நிற்பவருக்கு, அதில் ஒரு நோய் 40 சதவீதமாவது இருந்து, அந்த நோய்களால் வேலையே முடியாவிட்டால், 21-8940 படிவத்தில் வேலை பார்க்க இயலாமை அடிப்படையில் 100-க்குரிய தொகையைக் கேட்கலாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

யாரைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கீகாரம் இல்லாமல் 'ஆலோசகர்', 'பயிற்சியாளர்' என்ற பெயரில் முதல் விண்ணப்பத்துக்கே பணம் வாங்குகிறவர்கள். மாதத் தொகை 1,000 டாலர் கூடினால் அதைப்போல ஐந்து மடங்கு, அதாவது 5,000, எங்களுக்கு என்பது இவர்கள் பாணி. அங்கீகாரம் இல்லாதவர் விண்ணப்பம் தயாரித்துத் தரக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், மீறினால் குற்றவியல் தண்டனை இல்லாததால் தைரியமாக நடத்துகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் வி.ஏ. கணக்கின் கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ கேட்பார்கள். பிரதிநிதியாகத் தங்கள் பெயர் வரும் 21-22 அல்லது 21-22ஏ படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வி.ஏ.வின் சட்ட அலுவலகத் தளத்தில் பெயரைத் தட்டினால் அங்கீகாரம் உண்டா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டையும் ஒரே இடத்தில்

இரண்டு வழக்கையும் ஒரே அலுவலகம் நடத்துவதில் உண்மையான பயன் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி இன்ஷூரன்ஸ் தொகையும் வி.ஏ. இழப்பீடும் ஒன்றையொன்று குறைக்காது. இரண்டையும் முழுசாக வாங்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை அப்படியல்ல, வி.ஏ. பணத்தை வருமானமாகக் கழித்துவிடும். வி.ஏ.வில் நிரந்தர 100 சதவீதம் பெற்றவரின் கோப்பைச் சோஷியல் செக்யூரிட்டி முன்னுரிமையில் எடுக்கும். ஆனால் 'வி.ஏ. 100 கொடுத்தால் அங்கேயும் கிடைத்துவிடும்' என்பது தவறு. 2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களில் வி.ஏ. முடிவை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் மருத்துவ ஆதாரத்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

இரண்டு வக்கீல் வைத்துக்கொள்பவர்களுக்கு வழக்குகள் உடைவது தேதியில். 21-8940-ல் வேலையை விட்ட தேதி ஒன்று, சோஷியல் செக்யூரிட்டியின் எஸ்எஸ்ஏ-3368 படிவத்தில் வேறொன்று என்றால் இரண்டு இடத்திலும் நம்பகம் போய்விடும். காரணமும் ஒத்துப்போக வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எல்லா நோயையும் சேர்த்துப் பார்க்கும், வி.ஏ. பணியால் வந்தவற்றை மட்டும். முதுகுவலி பணியோடு சம்பந்தமில்லாதது, ஆனால் அதை வைத்தே சோஷியல் செக்யூரிட்டியில் ஜெயித்தீர்கள் என்றால், அந்தத் தீர்ப்பை யோசிக்காமல் வி.ஏ.வுக்கு அனுப்பினால், 'இவர் வேலையை விட்டது முதுகால்தானே' என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இரண்டு கோப்பையும் படிப்பவர் ஒருவர்தானா என்று கேளுங்கள். பல இடங்களில் தனித்தனிப் பிரிவு, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதே இல்லை.

பிரதிநிதியை மாற்ற வேண்டிய நிலை வந்தால் வி.ஏ.வில் எளிது: புதியவரின் படிவம் ஏறினால் பொதுவாகப் பழையவரின் அதிகாரம் தானாகப் போய்விடும். முந்தைய வக்கீலுடன் போட்ட கட்டண ஒப்பந்தம் மட்டும் தானாகப் போய்விடாது, அதைத் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டியில் இன்னும் சிக்கல். முதல் வக்கீல் 'எனக்குக் கட்டணம் வேண்டாம்' என்று எழுதித் தராமல் போனால், புதியவரால் சுலபமான ஒப்பந்த முறையில் பணம் பெற முடியாது. மணிக்கணக்கு எழுதி மனுப் போட வேண்டும். அதனால்தான் பாதி வழியில் வரும் வழக்குகளை நல்ல வக்கீல்களே தயங்கித் தள்ளிவிடுகிறார்கள். விலகச் சொல்லும் கடிதத்திலேயே கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்புதலையும் சேர்த்துக் கேளுங்கள். அது கையில் வந்த பிறகு அடுத்தவரைத் தேடுங்கள்.